தேர்த் திருவிழாவின் திகதியும் ஒரு பிள்ளையின் கணக்கும்: ஒழுங்கை விளங்கிக்கொள்வது என்றால் என்ன?

திண்ணைவாசி (தொடக்கப் பதிவு)

அனைவருக்கும் வணக்கம். தரம் 8 இல் படிக்கும் என் மகள் சென்ற வாரம் கணிதத்தில், எண்கள் ஓர் ஒழுங்கில் தொடர்வதைக் காட்டும் எண் கோலங்கள் என்ற பாடத்தைப் படித்து முடித்தாள். பாடநூலிலுள்ள பயிற்சிகளை விரைவாகச் செய்துவிட்டதனால், வீட்டில் கிடைக்கும் ஏதாவது ஒன்றில் கோலம் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கும்படி சொன்னேன். அவள் அலுமாரிக்குள் கிடந்த பழைய கலண்டர்களை எடுத்து வைத்துக்கொண்டு, யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் தேர்த் திருவிழா நடந்த நாட்களைக் கொப்பியில் எழுதினாள். 2023 இல் செப்டெம்பர் 13, 2024 இல் செப்டெம்பர் 1, 2025 இல் ஓகஸ்ட் 21. ஒவ்வோர் ஆண்டும் தேர் பதினொரு நாளோ பன்னிரண்டு நாளோ முந்தி வருகிறது என்று கண்டுபிடித்து, ஆகவே 2026 இல் தேர் ஓகஸ்ட் 10 ஆம் திகதி என்று எழுதி, அதற்குக் கீழே இரண்டு கோடும் போட்டுவிட்டாள். அது எனக்கும் சரியாகவே பட்டது.

பின்னேரம் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அவள் அதை அப்பம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். என் தாயார் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படித்தவரல்லர். அவர் ஒரு கணமும் யோசிக்காமல், "அது எப்படிப் பிள்ளை வரும்? தேருக்கு அடுத்த நாள் தீர்த்தம், தீர்த்தம் ஆவணி அமாவாசைக்கு. நீ சொல்கிற கிழமையில் வருவது ஆடி அமாவாசை. அன்றைக்கு ஊரே தீர்த்தமாடக் கீரிமலையில் அல்லவா நிற்கும்?" என்று கேட்டார். மகள் வாயடைத்துப் போனாள். பிறகு அயல்வீட்டில் 2022 ஆம் ஆண்டுக் கலண்டர் ஒன்றை வாங்கிப் பார்த்தபோது, அந்த ஆண்டில் தேர் ஓகஸ்ட் 25 ஆம் திகதி நடந்திருந்தது. அதாவது 2022 இலிருந்து 2023 இற்குப் போகையில் தேர் முந்தவில்லை, பத்தொன்பது நாட்கள் பிந்தியிருக்கிறது.

அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னை விடாமல் இருக்கிறது. எண்களை வரிசையாக எழுதி ஒழுங்கைக் கண்ட பிள்ளை தவறிவிட்டாள், ஓர் எண்ணையும் எழுதாத அப்பம்மா தவறவில்லை. பள்ளிக்கூடத்தில் கோலங்களைக் கற்பிக்கும்போது பிள்ளைகளிடம் நாம் உண்மையில் எதை எதிர்பார்க்கிறோம்? கற்பிக்கும் அனுபவம் உள்ளவர்களும், தங்கள் தொழிலில் ஒழுங்கைக் கண்டு நடப்பவர்களும் சொல்லுங்கள்.

கோப்பாய்க் கணிதம்

திண்ணைவாசி அவர்களே, உங்கள் மகளின் கொப்பியை நான் ஒரு நல்ல ஆய்வாகவே மதிக்கிறேன். அவள் செய்த தவறும் பயனுள்ள தவறு. முதலில் அவளிடம் ஒரு சிறிய வேலையைக் கொடுங்கள். திகதிகளைப் பார்க்காமல், ஒரு தேருக்கும் அடுத்த தேருக்கும் இடையில் எத்தனை நாட்கள் என்று எண்ணச் சொல்லுங்கள். 2023 செப்டெம்பர் 13 இலிருந்து 2024 செப்டெம்பர் 1 வரை 354 நாட்கள். 2024 செப்டெம்பர் 1 இலிருந்து 2025 ஓகஸ்ட் 21 வரை மீண்டும் அதே 354 நாட்கள். ஒரு முறை பன்னிரண்டும் மறுமுறை பதினொன்றுமாக அவளுக்குத் தெரிந்த வேறுபாடு நெட்டாண்டினால் வந்தது. 2024 பெப்ரவரியில் 29 நாட்கள் இருந்தன அல்லவா?

அதன் பிறகு 2022 ஓகஸ்ட் 25 இலிருந்து 2023 செப்டெம்பர் 13 வரை எண்ணச் சொல்லுங்கள். 384 வரும். இப்போது 354, 384 என்ற இரண்டு எண்களையும் அவள் முன் வைத்து, ஓர் அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசை வரை ஏறத்தாழ 29.53 நாட்கள் என்பதை மட்டும் சொல்லிவிட்டு அமைதியாக இருங்கள். அதைப் பன்னிரண்டால் பெருக்கினால் 354.4, பதின்மூன்றால் பெருக்கினால் 383.9. கலண்டரில் முன்னும் பின்னுமாகத் தாவிய அந்தத் திகதிகள், சந்திரனின் கணக்கில் பன்னிரண்டு மாதமும் பதின்மூன்று மாதமுமாக ஒழுங்காக அமர்ந்துவிடும்.

ஆவணி மாதம் சூரியனைக் கொண்டு கணிக்கப்படுவது. அது ஏறத்தாழ ஓகஸ்ட் 17 அளவில் பிறக்கிறது. அமாவாசை சந்திரனைச் சேர்ந்தது. பன்னிரண்டு சந்திர மாதங்கள் ஒரு சூரிய ஆண்டுக்குப் பதினொரு நாட்கள் குறைவாக இருப்பதனால் தீர்த்த அமாவாசை ஆண்டுதோறும் முந்தி முந்தி வந்து, ஒரு கட்டத்தில் ஆவணிக்கு வெளியே ஆடிக்குள் விழப் பார்க்கும். அப்போது அதை விட்டு அடுத்த அமாவாசையை எடுக்க வேண்டியிருக்கும். அப்பம்மா ஒரே வசனத்தில் சொன்னது இதைத்தான். அவர் எண்களைக் கையாளவில்லை என்பது உண்மை, ஆனால் எண்களைப் பிறப்பிக்கும் விதியை அவர் கையில் வைத்திருந்தார். என் முப்பது ஆண்டுக் கற்பித்தலில் இந்த வேறுபாட்டை வகுப்பில் விளக்குவதற்குத்தான் நான் அதிகம் பாடுபட்டிருக்கிறேன்.

உயர்தர மாணவி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். இதை வாசித்தபோது எனக்குப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்த காலம் நினைவுக்கு வந்தது. நான் போன ஒரு தனியார் வகுப்பில் 2, 4, 8 என்று தந்து அடுத்த எண்ணைக் கேட்டார்கள். நான் 14 என்று எழுதினேன். இரண்டுக்கும் நான்குக்கும் வித்தியாசம் 2, நான்குக்கும் எட்டுக்கும் வித்தியாசம் 4, ஆகவே அடுத்த வித்தியாசம் 6 என்று எண்ணினேன். ஆசிரியர் சிவப்புப் பேனையால் வெட்டி 16 என்று எழுதினார். காரணம் கேட்டபோது, பரீட்சையில் இப்படித்தான் வரும், கேள்வி கேட்காமல் மனனம் செய் என்றார். அந்த நாளிலிருந்து உயர்தரத்திற்கு வரும் வரைக்கும் கணிதம் என்பது மற்றவர் மனத்தில் இருப்பதை ஊகிக்கும் வேலை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். என் விடை உண்மையில் பிழையா?

கோப்பாய்க் கணிதம்

பிழையே இல்லை, பிள்ளை. மூன்று எண்களைத் தந்துவிட்டு நான்காவதைக் கேட்பவர், அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் 16 உம் சரி, 14 உம் சரி. உங்கள் கொப்பியில் அந்த வெட்டு விழுந்திருக்கக் கூடாது.

இதற்கு நான் வகுப்பில் காட்டும் உதாரணம் ஒன்று உண்டு. ஒரு வட்டத்தின் பரிதியில் புள்ளிகளைக் குறித்து, ஒவ்வொரு புள்ளியையும் மற்ற எல்லாப் புள்ளிகளுடனும் நேர்கோட்டால் இணையுங்கள். உள்ளே மூன்று கோடுகள் ஒரே இடத்தில் வெட்டாதபடி புள்ளிகளைச் சற்று ஒழுங்கற்று வையுங்கள். ஒரு புள்ளி என்றால் வட்டம் 1 துண்டு. இரண்டு புள்ளிக்கு 2, மூன்றுக்கு 4, நான்குக்கு 8, ஐந்துக்கு 16. ஆறு புள்ளிக்கு எத்தனை என்று கேட்டால் வகுப்பு முழுவதும் 32 என்று ஒரே குரலில் சொல்லும். வரைந்து எண்ணினால் 31 தான் வரும். பிள்ளைகள் நான் பிழையாக வரைந்துவிட்டேன் என்று சொல்லி மீண்டும் மீண்டும் வரைவார்கள். அந்த அரை மணித்தியாலத்தில் அவர்கள் கற்றுக்கொள்வதை ஒரு தவணை முழுவதும் பேசியும் என்னால் கற்பிக்க முடிவதில்லை.

யாப்புப் பிரியன்

இளையோர் பேசும் இடத்தில் ஒரு முதியவனின் மறுப்பையும் கேளுங்கள். காரணம், விதி, விளக்கம் என்று நீங்கள் எல்லோரும் சொல்வது நல்லதுதான். ஆனால் வாயில் ஏறாத ஒன்றை அறிவு எப்படிப் பிடித்துக்கொள்ளும் என்று நான் கேட்கிறேன். 1960 களில் எங்களுக்குத் தமிழ் படிப்பித்த வாத்தியார் எந்த விளக்கமும் தராமல், நேர் நேர் தேமா, நிரை நேர் புளிமா, நிரை நிரை கருவிளம், நேர் நிரை கூவிளம் என்று ஒரு மாதம் முழுவதும் எங்களைச் சொல்ல வைத்தார். வயல் வரம்பில் நடக்கும்போதும் கிணற்றில் குளிக்கும்போதும் அதே வரிகள்தான் எங்கள் வாயில் இருந்தன. அர்த்தம் எதுவும் தெரியாது.

பல ஆண்டுகள் கழித்து, வேலைக்குப் போகும் பேருந்தில் அமர்ந்திருந்த ஒரு காலையில் திடீரென்று கண் திறந்தது. நேர், நிரை என்பவை அசையின் இரண்டு வகை, அசைகள் சேர்ந்தது சீர். தே, மா என்று பிரித்துப் பார்த்தால் அந்தச் சொல்லே நேர் நேர். புளி, மா என்று பிரித்தால் அதுவே நிரை நேர். கரு, விளம் நிரை நிரை. கூ, விளம் நேர் நிரை. சீருக்குச் சூட்டிய பெயரே அந்தச் சீரின் ஓசையாக இருக்கிறது. ஒரு மாமரத்தையும் விளாமரத்தையும் கொண்டு இதை அமைத்து வைத்தவர்களின் நுட்பத்தை நினைத்து அன்று நான் இறங்க வேண்டிய தரிப்பிடத்தைத் தவறவிட்டேன். சொல்லிச் சொல்லி வாயில் அது கிடந்திராவிட்டால், அந்தக் காலையில் கண்டுபிடிப்பதற்கு என்னிடம் என்ன இருந்திருக்கும்?

குறளின் முதற் பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அகர என்பது புளிமா. முதல என்பதும் புளிமா. எழுத்தெல்லாம் என்பது புளிமாங்காய். ஆதி தேமா. பகவன், முதற்றே இரண்டும் புளிமா. உலகு என்ற ஈற்றுச் சீர் பிறப்பு என்னும் வாய்பாடு. மாச்சீர் வந்தால் அடுத்தது நிரையில் தொடங்க வேண்டும், காய்ச்சீர் வந்தால் அடுத்தது நேரில் தொடங்க வேண்டும் என்ற வெண்பாவின் கட்டு அந்த ஏழு சீரிலும் ஓரிடத்திலும் தளரவில்லை. இதை விரல் விட்டு எண்ணிக் காண்பவனை விட, காதால் கேட்டு, தளை தட்டினால் உடனே முகம் சுளிப்பவன்தான் யாப்பு அறிந்தவன். அந்தக் காது விளக்கத்தினால் வருவதில்லை, பழக்கத்தினால் வருகிறது. அசையைக் கூட்டக் கூட்டச் சீர்கள் ஈரசையில் 4, மூவசையில் 8, நாலசையில் 16 என்று வளர்வதையும் நாங்கள் அப்படித்தான் பாடமாக்கினோம்.

கோப்பாய்க் கணிதம்

ஐயா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். பழக்கத்தின் பெருமையை நான் மறுக்கவில்லை. வாய்ப்பாடு தெரியாத பிள்ளைக்குப் பின்னத்தைக் கற்பிக்க முயன்று நானும் களைத்திருக்கிறேன். ஆயினும் உங்கள் பதிவின் கடைசி வசனத்தில் நான் தேடிக்கொண்டிருந்த உதாரணமே இருக்கிறது.

நீங்கள் தந்த எண்கள் 4, 8, 16. என் வட்டத்திலும் 4, 8, 16 என்றே வந்தது. தாளில் எழுதினால் இரண்டுக்கும் ஒரு வேறுபாடும் தெரியாது. ஆனால் அசையின் கணக்கில் அடுத்த எண் 32 என்று நான் துணிந்து சொல்வேன். ஏனென்றால் சேர்க்கப்படும் ஒவ்வோர் அசையும் நேராகவோ நிரையாகவோ மட்டுமே இருக்கலாம், ஆகவே முன்னிருந்த ஒவ்வொரு சீரும் இரண்டாகப் பிரிவதைத் தவிர வேறு வழியில்லை. வட்டத்தில் அப்படி இரட்டிப்பதற்கான காரணம் எதுவும் இல்லை. புதிய கோடு பழைய துண்டுகள் எல்லாவற்றையும் வெட்டிச் செல்வதில்லை. தொடக்கத்தில் இரட்டிப்பது போலத் தோன்றியது சிறிய எண்களின் தற்செயல். எண்களை மட்டும் மனனம் செய்தவருக்கு இந்த இரண்டு வரிசைகளும் ஒன்றே.

ஓலைக்குடில்

நான் படித்தவள் அல்ல என்று சொல்லி ஒதுங்க நினைத்தேன். ஆனால் திண்ணைவாசித் தம்பி தொழிலில் ஒழுங்கைக் காண்பவர்களையும் கேட்டிருப்பதனால் எழுதுகிறேன். நாற்பது ஆண்டுகளாகப் பனையோலையில் பெட்டியும் பாயும் இழைக்கிறேன். கிழமையில் மூன்று நாள் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுக்கிறேன்.

பனையின் இளம் ஓலையாகிய சார்வோலையைக் காய வைத்து, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்து, சாயம் போட வேண்டியதைக் கொதிநீரில் சாயமிட்டு எடுத்த பிறகுதான் இழைப்பு தொடங்கும். புதிதாக வருகிற பிள்ளைக்கு ஒன்றை எடுத்து ஒன்றை விடு என்று சொன்னால் போதும், அரை மணித்தியாலத்தில் கை பழகிவிடும். யாப்புப் பிரியன் ஐயா சொல்வது அதுவரைக்கும் மெத்தச் சரி. கோடு சாய்ந்து ஓடும் பாய்க்கு இரண்டை எடுத்து இரண்டை விட்டு, அடுத்த வரியில் ஓர் ஓலை தள்ளித் தொடங்க வேண்டும். அதையும் கை பிடித்துக்கொள்ளும். நான் பார்த்தவரையில் கை பழகிய பிள்ளை தடுமாறுவது இரண்டு இடங்களில். ஒன்று பெட்டியின் மூலை. அடி இழைத்து முடித்து ஓலைகளை மேலே திருப்பும்போது, இதுவரை நெடுக்காகக் கிடந்த ஓலையும் குறுக்காகக் கிடந்த ஓலையும் ஒன்றையொன்று சந்தித்துத் திசை மாறுகின்றன. எடு, விடு என்று மட்டும் தெரிந்த பிள்ளை அங்கே கையை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்கும்.

மற்றையது பிழை. ஒரு வரியில் ஓர் ஓலை மாறிப்போனால் அந்த வரியில் அது தெரியாது. மூன்று நான்கு வரி போன பிறகு சாய்கோடு ஓரிடத்தில் முறிந்து நிற்கும். முறிந்த இடத்தையே பிள்ளை திரும்பத் திரும்ப அவிழ்க்கும், ஆனால் பிழை அங்கே இராது. நான் அந்தப் பிள்ளையைத் திட்டுவதில்லை. இழைத்ததை நிலத்தில் விரித்துவிட்டு எட்டி நின்று பார்க்கச் சொல்வேன். கோட்டை அதன் வழியே கண்ணால் பின்னோக்கிக் கொண்டுபோனால், எந்த வரியில் எந்த ஓலை என்று தானே வந்து தொட்டுக் காட்டும். அதைத் தானே செய்யத் தொடங்கிய பிள்ளைக்கு அதன் பிறகு நான் அதிகம் சொல்ல வேண்டியிருப்பதில்லை. மூலையையும் பெரும்பாலும் தானே திருப்பிவிடும்.

யாப்புப் பிரியன்

தங்கச்சி, உங்கள் பதிவு என்னை யோசிக்க வைத்துவிட்டது. எங்கள் வகுப்பில் தேமா புளிமா சொன்ன நாற்பது பேரில் எத்தனை பேர் பிறகு வெண்பா எழுதினோம் என்று எண்ணிப் பார்த்தேன். இரண்டு பேர். மற்றவர்களை யாரும் எட்டி நின்று பார்க்கச் சொல்லவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் மனனத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நம்முடைய வாக்கிய பஞ்சாங்கம் முழுவதும் மனனத்தில் நின்ற கலைதானே? சந்திரனுடைய நிலையைச் சொல்லும் வாக்கியங்களை வாயிலே வைத்திருந்து கிரகணம் கணித்தவர்கள் நம் முன்னோர்.

கோப்பாய்க் கணிதம்

ஐயா, நீங்கள் பஞ்சாங்கத்தைத் தொட்டது இந்த இழையின் தொடக்கத்திற்கே எங்களைக் கொண்டுபோகிறது. யாழ்ப்பாணத்தில் வாக்கியம், திருக்கணிதம் என்ற இரண்டு பஞ்சாங்கமும் வீடுகளில் இருப்பதும், சித்திரைப் புத்தாண்டு பிறக்கும் நேரத்தை இரண்டும் வேறுவேறாகத் தருவதும் எல்லோரும் அறிந்ததே.

வாக்கிய முறையில் சந்திரனுக்கு 248 வாக்கியங்கள் உள்ளன. வரருசியின் பெயரால் வழங்கும் அந்த வாக்கியங்களில் ஒவ்வோர் எழுத்தும் ஓர் எண்ணைக் குறிக்கும், ஒரு வாக்கியம் ஒரு நாளுக்குரிய சந்திரனின் நிலையைக் கொடுக்கும். அது ஏன் 248? சந்திரன் பூமிக்கு மிக அருகில் வந்து, விலகி, மீண்டும் மிக அருகில் வருவதற்கு ஏறத்தாழ 27.55 நாட்கள் ஆகின்றன. அருகில் இருக்கும்போது விரைவாகவும் தொலைவில் இருக்கும்போது மெதுவாகவும் அது நகர்கிறது. அப்படி ஒன்பது சுற்றுகள் முடிவதற்கு 247.99 நாட்கள், அதாவது கிட்டத்தட்ட முழு எண்ணான 248 நாட்கள். ஆகவே 248 நாட்களுக்கு ஒரு முறை சந்திரனின் வேகம் மாறும் கோலம் திரும்பி வருகிறது, அட்டவணையையும் முதலிலிருந்து தொடங்கலாம்.

கிட்டத்தட்ட என்று எழுதினேன் அல்லவா? என் மனத்தை எப்போதும் கவர்வது அந்த இடமே. 248 என்பதில் மிகச் சிறிய பிழை இருக்கிறது, அது சுற்றுக்குச் சுற்று சேரும் என்பதை அந்த முறையை அமைத்தவர்கள் அறிந்திருந்தார்கள். அதனால்தான் 110 சுற்றுகளைக் கொண்ட 3031 நாட்கள் என்றும், 449 சுற்றுகளைக் கொண்ட 12372 நாட்கள் என்றும் இன்னும் நீண்ட, இன்னும் நுட்பமான சக்கரங்களையும் வைத்தார்கள். கணிப்பவர் கலியுகத் தொடக்கத்திலிருந்து எண்ணிவந்த நாட்தொகையிலிருந்து முதலில் பெரிய சக்கரங்களைக் கழித்துவிட்டு, மிச்சத்தைத்தான் 248 இன் அட்டவணைக்குள் கொண்டுவருவார்.

1825 இல் ஆங்கிலேயர் படையில் பணியாற்றிய ஜோன் வாரன் என்ற அதிகாரி, தமிழ்க் கணிதர் ஒருவர் எழுத்துக் கணக்கு எதுவுமின்றி, மனனம் செய்திருந்த அட்டவணைகளைக் கொண்டும் சோழிகளை நிலத்தில் அடுக்கியும் ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்ததைப் பதிவுசெய்தார். அந்தக் கணிதரின் நினைவாற்றலை எண்ணி நான் தலை வணங்குகிறேன். ஆனால் அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்னர், எந்தச் சக்கரம் எவ்வளவு பிழைக்கும் என்று அறிந்து 248 இற்கு மேல் 3031 ஐயும் அதற்கு மேல் 12372 ஐயும் வைத்த ஒருவர் இருந்தார். வாயில் வைத்துக்கொள்ளத் தகுந்த அட்டவணையைக் கொடுத்தவர் அவர்தான். நீங்கள் சொல்லும் மனனத்திற்கு அடியில் அந்த அறிவு கிடக்கிறது என்பதே என் வழக்கு.

வலிகாமத்துக் கமக்காரன்

எல்லோரும் வானத்தைப் பற்றி எழுதுகிறீர்கள். நான் கிணற்றைப் பற்றி எழுதுகிறேன். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது, வழுக்கியாறும் மழை நாட்களில் மட்டும்தான் ஓடும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்கிற மழை செம்மண் வழியாகச் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித் தங்குவதை வைத்துத்தான் மற்ற மாதங்களில் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் செய்கிறோம். என் தகப்பனார் கிணற்றின் உட்சுவரில் கல்வரிசைகளை எண்ணி, எந்த மாதத்தில் தண்ணீர் எத்தனையாவது வரிசைக்கு இறங்கும் என்று வைத்திருந்தார். புரட்டாதியில் மிகக் கீழே, கார்த்திகை கடந்ததும் மேலே. முப்பது ஆண்டுகள் அந்தக் கணக்கு அவரைக் கைவிடவில்லை, நானும் அதையே நம்பி வெங்காயம் நட்டேன்.

ஓர் ஆண்டு தண்ணீர் தகப்பனாருடைய கல்வரிசையில் சரியாக நின்றது, ஆனால் வாயில் வைத்தால் உவர்ப்பு. பயிர் நுனி கருகிப் பாதி போய்விட்டது. மட்டத்தைப் பார்த்தேனே தவிர, அந்த மட்டம் எதனால் அப்படி நிற்கிறது என்று பார்க்கவில்லை. இங்கே நிலத்துக்கடியில் நல்ல தண்ணீர், பாரம் கூடிய உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டு கிடக்கிறது. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதாகச் சொல்வதும் இதனால்தான். தகப்பனார் காலத்தில் துலா மிதித்துப் பட்டையால் இறைத்தார்கள். ஆளின் களைப்பே இறைப்புக்கு எல்லையாக இருந்தது, கிணறு ஊறுவதற்கு நேரம் கிடைத்தது. இப்போது நானும் என் அயலில் உள்ளவர்களும் பம்பு பூட்டி ஒரே நேரத்தில் இறைக்கிறோம். மேலே இருந்து வேகமாக எடுக்க எடுக்க, கீழே இருப்பது ஏறி வருகிறது.

தகப்பனாருடைய கணக்கில் பிழை ஒன்றும் இல்லை. அவர் எண்ணிய காலத்தில் அதைத் தாங்கி நின்ற காரணம் ஒன்று, அந்தக் காரணம் எங்கள் காலத்தில் மாறிவிட்டது. திண்ணைவாசி அண்ணாவின் மகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுவே: ஒழுங்கை எழுதும்போது அது எந்தக் காலத்தில், எந்த நிலைமையில் கண்ட ஒழுங்கு என்பதையும் பக்கத்தில் எழுதி வைக்கட்டும். நான் இப்போது மட்டத்தையும் உவர்ப்பையும், இறைத்த மணித்தியாலத்தையும் ஒரே கொப்பியில் எழுதுகிறேன். 2008 நவம்பரில் நிஷா புயல் வந்தபோது எங்கள் தோட்டம் குளமாகக் கிடந்தது. அப்படிப்பட்ட ஆண்டுகளையும் விலக்காமல் எழுத வேண்டும் என்பதும் என் எண்ணம்.

உயர்தர மாணவி

எங்கள் சந்தியில் அதிர்ஷ்ட இலாபச் சீட்டு வாங்கும் பெரியவர் ஒருவர், வெற்றி பெற்ற இலக்கங்களை ஐந்தாறு ஆண்டுகளாகக் கொப்பியில் எழுதி ஒழுங்கு தேடுகிறார். கமக்கார மாமாவின் கொப்பியும் அவருடைய கொப்பியும் பார்ப்பதற்கு ஒன்று போலத்தான் இருக்கும். ஒன்றில் மழையும் கல்லும் உப்பும் பின்னால் நிற்கின்றன. மற்றதில் ஒரு குலுக்கலுக்கு முந்திய குலுக்கலின் நினைவே கிடையாது. அவருக்கு இதை மனம் நோகாமல் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் அவர் மிகுந்த கவனத்தோடும் நேர்மையோடும் எழுதுகிறார்.

திண்ணைவாசி

எல்லோருக்கும் என் நன்றி. மூன்று நாட்களாக இந்த இழையை நாங்கள் மூவரும் சேர்ந்தே வாசித்தோம். மகள் வாசிப்பாள், அப்பம்மா கேட்பார், நான் இடையில் விளக்குவேன். ஓலைக்குடில் அக்காவின் பதிவைக் கேட்டவுடன் அப்பம்மா உள்ளே போய்த் தன்னுடைய பழைய பெட்டி ஒன்றை எடுத்து வந்து, மூலையைத் தடவிக் காட்டி, ஓலை எப்படித் திரும்புகிறது என்று பேத்திக்கு விளக்கினார். அது அவருடைய தாயார் இழைத்த பெட்டி என்பதை நானும் அன்றைக்குத்தான் அறிந்தேன்.

கோப்பாய் ஆசிரியர் சொன்னபடி மகள் நாட்களை எண்ணி 354, 354, 384 என்று கண்டுபிடித்தாள். பிறகு பழைய முடிவை அழிக்காமல், அதன் பக்கத்தில் "அமாவாசை ஆடிக்குள் விழுந்தால் 384" என்று எழுதிக்கொண்டு முன்னோக்கிப் போனாள். 2025 ஓகஸ்ட் 21 உடன் 384 ஐக் கூட்டி 2026 செப்டெம்பர் 9. அதனுடன் 354 ஐக் கூட்டி 2027 ஓகஸ்ட் 29. இவற்றை எழுதும்போது அவளுக்குத் தயக்கம் இருக்கவில்லை.

2028 இல் நின்றுவிட்டாள். அந்த ஆண்டுக்கும் 354 ஐக் கூட்டினால் தேர் ஓகஸ்ட் 17, தீர்த்தம் 18. ஆவணி பிறப்பதும் ஏறத்தாழ அதே நாள்தான். ஒரு நாள் இப்படி அப்படி என்றாலும் அமாவாசை ஆடிக்குள் போய்விடும், அப்போது தேர் ஒரு மாதம் தள்ளிப் போக வேண்டும். பன்னிரண்டு மாதம் உண்மையில் 354.4 நாட்கள் என்றால், ஆண்டுதோறும் தான் விட்டுவிட்ட அந்த மிச்சம் எங்கே போனது, அதைச் சேர்த்தால் அமாவாசை ஆவணிக்குள் இன்னும் சற்று நன்றாக வருமா என்று நேற்றிரவு படுக்கப் போகும் வரை கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பம்மாவிடம் கேட்டதற்கு அவர், "அப்படி விளிம்பில் வந்தால் எனக்கும் தெரியாது பிள்ளை, பஞ்சாங்கம்தான் பார்க்க வேண்டும்" என்றார். 2028 இற்கு நேரே கொப்பியில் இப்போது இரண்டு திகதிகள் இருக்கின்றன, இரண்டுக்கும் கீழே கோடு போடப்படவில்லை. ஆசிரியர் அவர்களே, அந்த மிச்சத்தைக் கணக்கில் எப்படிச் சேர்ப்பது என்று அவளுக்குத் தெரிந்த தசமக் கணிதத்தைக் கொண்டே விளக்க முடியுமானால், அடுத்த பதிவில் எழுதுங்கள். கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள்.